லேயா, ரசுவாவா, அல்மோராவா? இமயத்தில் குறி கேட்கப் போகிறவருக்கு

சாமி இறங்கிக் குறி சொல்லி நோய் தீர்ப்பவரை ஆங்கிலத்தில் ஷாமன் என்பார்கள். இமயமலைக் கிராமங்களில் ‘ஷாமன் எங்கே இருக்கிறார்’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. லடாக்கில் பெண்ணென்றால் லாமோ, ஆணென்றால் லாபா. நேபாளத்தில் பொதுப்பெயர் ஜாங்க்ரி. தாமாங் மக்கள் போம்போ என்பார்கள், லிம்புகள் பெதாங்மா, குருங்குகள் பச்யூ. உத்தராகண்டின் குமாவுனில் இந்த வேலையை இருவர் பிரித்துக்கொள்கிறார்கள். பாடி அழைப்பவர் ஜகரியா. சாமி இறங்குவது டங்கரியா மேல். நம்மூரில் கோடாங்கியும் சாமியாடியும் மாதிரி. ஜகரியா கையில் இருக்கும் ஹுட்காவும் நம் உடுக்கையைப் போலவே இடை சிறுத்ததுதான்.

பயணமாகப் போகிறவர்கள் ‘யாருக்குச் சக்தி அதிகம்’ என்று விசாரிப்பார்கள். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. யாருடைய குறையைத் தீர்க்க அந்தச் சடங்கு ஏற்பட்டது என்று பாருங்கள். லாமோவின் முன்னால் உட்காருவது ஓர் உடம்பு. ஜாங்க்ரி இரவு முழுக்கப் பறையடிப்பது ஒரு வீட்டுக்காக. குமாவுனின் ஜாகர் என்ற சடங்கு ஒரு வம்சத்தின் கணக்கைத் தீர்ப்பது. வெளியூர்க்காரரிடம் உடம்பு இருக்கிறது. வீட்டை வேண்டுமானால் இரவல் வாங்கலாம். வம்சத்தை வாங்க முடியாது. கீழே வருவதெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்து கிளைப்பதுதான்.

லே: லாமோவின் காலை

லடாக்கின் லே நகரிலிருந்து சாபு கிராமம் ஏழெட்டுக் கிலோமீட்டர். லாமோவிடம் குறி கேட்க வெளியூர்க்காரர்கள் அதிகம் போகும் ஊர் இது. சந்திப்பு பெரும்பாலும் காலையில், அவர் வீட்டிலேயே. நாள் நிச்சயம் கிடையாது. அறுவடை, சாவு வீடு, உடல்நிலை என்று எதுவும் குறுக்கே வரலாம். முந்தைய நாளே உள்ளூர் ஓட்டுநர் மூலமாகவோ தங்குமிடத்தார் மூலமாகவோ கேட்டுக்கொள்வது நல்லது.

லாமோ பீடத்தில் தண்ணீர்க் கிண்ணங்களை வரிசையாக வைப்பார். வெண்ணெய் விளக்கு, தானியம், ஷுக்பா என்ற ஜூனிப்பர் தழைப் புகை. நமக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்து உட்காருவார். முதலில் கொட்டாவி, பிறகு விக்கல், பிறகு நடுக்கம். ஐந்து இதழ் கொண்ட கிரீடத்தைத் தலையில் கட்டி, ஒரு கையில் டமருவும் மறு கையில் மணியும் எடுக்கும்போது குரல் மாறியிருக்கும். அந்தக் குரலில் கனிவை எதிர்பார்க்க வேண்டாம். திட்டும், அதட்டும், சில சமயம் முதுகில் ஒன்று வைக்கும். அதற்காக முகம் சுளிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுமே.

வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் மண்டியிட்டு, கதக் என்னும் வெள்ளைத் துண்டைக் கொடுத்துக் குறையைச் சொல்ல வேண்டும். கதக் லே கடைத்தெருவில் கிடைக்கும். தானிய மணிகளை டமருவின் தோலில் போட்டு அவை அசைவதைப் பார்த்துக் குறி சொல்வதுண்டு. சிகிச்சை என்பது உறிஞ்சுவது. வலிக்கும் இடத்தில் சிறு குழாயை வைத்தோ நேராக வாயை வைத்தோ உறிஞ்சி, கறுத்த திரவத்தை ஒரு பாத்திரத்தில் துப்புவார். அதை ‘டிப்’ என்கிறார்கள். தீட்டு என்று நாம் சொல்வதற்கு நெருக்கமானது. காய்ச்சிய கத்தியை நாக்கில் தொட்டு அந்த மூச்சை நோயாளி மேல் ஊதுபவர்களும் உண்டு. தோலில் புண்ணோ வெட்டுக்காயமோ இருந்தால் உறிஞ்சவிட வேண்டாம். துணியை இடையில் வைக்கலாமா என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

பலருக்குக் கோணலாகப் போவது மொழியில்தான். சாமி வந்த பேச்சு பழைய திபெத்தியச் சாயல் கொண்டது. லடாக்கியருக்கே முழுதும் புரியாது. வீட்டில் உதவிக்கு இருப்பவர் அதை லடாக்கியில் சொல்வார். உங்கள் ஓட்டுநர் அதை இந்தியில் சொல்வார். உங்கள் காதுக்கு மூன்றாம் கையாக வரும். ‘வலது தோள், ஆறு மாதமாக, இரவில் அதிகம்’ என்பது இந்த மூன்று கைகளையும் தாண்டிப் போய்ச் சேரும். ‘என் வாழ்க்கை எங்கே போகிறது’ என்ற கேள்வி முதல் கையிலேயே நின்றுவிடும். சாமி மலையேறியதும் லாமோ சாய்ந்து கிடந்து, பிறகு தேநீர் குடிப்பார். சொன்னது எதுவும் தமக்கு நினைவில் இல்லை என்பார். அப்போது போய் விளக்கம் கேட்டால் பதில் வராது. வாக்கு வரும்போதே ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

பரிகாரமாகக் காப்புக் கயிறும் மந்திரித்த தானியமும் கொடுக்கலாம். மடத்தில் ஒரு பாராயணம் செய்யச் சொல்லலாம். அம்ச்சி என்னும் நாட்டு வைத்தியரிடம் அனுப்பலாம். காணிக்கை உங்கள் விருப்பம். பேரம் பேசினால் அது விலையாகிவிடும், பேச வேண்டாம்.

லே 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் இறங்கிய முதல் இரண்டு நாளில் வரும் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் உயரத்தின் வேலை. அதைத் தூக்கிக்கொண்டு சாபுவுக்குப் போகக் கூடாது. நடந்தால் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஊரிலுள்ள சோனம் நோர்பு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். நான்காம் நாள் லாமோவுக்கு ஏற்ற நாள்.

மாதோ மடத்தின் நாக்ராங் விழாவை இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. திபெத்திய முதல் மாதத்தின் பௌர்ணமியை ஒட்டி, பிப்ரவரி மார்ச் வாக்கில், ரோங்சன் தெய்வங்கள் இரண்டு துறவிகள் மேல் இறங்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு மடத்தின் மொட்டைமாடிச் சுவர்மேல் ஓடுவார்கள். பார்க்க வேண்டிய காட்சி. உங்கள் தோள்வலிக்கு அங்கே இடமில்லை.

நேபாளம்: ஒரு வீடு வேண்டும்

ஜாங்க்ரியிடம் இரண்டு வேலைகள் உண்டு, அவற்றைப் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். ஒன்று ஜோகானா, அதாவது குறி பார்ப்பது. ஒரு பிடி பச்சரிசி, மேலே ஒரு நாணயம். அரிசியை நோயாளி தொட்டுக் கொடுக்க வேண்டும். வரமுடியாதவர் தொட்ட அரிசியைக் கொண்டுவந்தாலும் பார்ப்பார்கள். மணிகளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பார், சிலர் நாடியும் பிடிப்பார்கள். பிறகு மந்திரம் சொல்லி ஊதுவது, தீத்தேபாத்தித் தழையால் தலை முதல் கால் வரை வருடி இறக்குவது. இது நம் மாசிபத்திரியின் இனம், மணம் அதேதான். எல்லாம் அரைமணிக்குள் முடிந்துவிடும். காட்மாண்டுவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதற்கு ஆள் கிடைப்பார். கையில் ஒரே நாள் இருப்பவருக்கு இதுவே தாராளம்.

மற்றது சிந்தா. இருட்டிய பிறகு தொடங்கி விடியும்வரை போகும். வீட்டின் உள்ளறையில், அடுப்புக்கு அருகே ‘தான்’ அமைப்பார்கள்: முறத்தில் அரிசி, வாழையிலை, தண்ணீர்ச் செம்பு, முட்டை, இஞ்சி, எண்ணெய் விளக்கு, ரக்சி என்னும் வீட்டுச் சாராயம், தூபம். தாமாங் வீடென்றால் மாவில் பிடித்த தோர்மா உருவங்களும் இருக்கும். ஜாங்க்ரி வெள்ளைப் பாவாடை போன்ற ஜாமா அணிந்து, ருத்ராட்சமும் கறுத்த பூந்திக்கொட்டை மாலையும் மார்பில் குறுக்காகப் போட்டு, மணிகள் கோத்த வாரைக் கட்டிக்கொள்வார். த்யாங்ரோ என்ற பறைக்கு இரு முகமும் தோல், செதுக்கிய மரப்பிடி, அடிப்பது வளைந்த பிரம்பால். மணிக்கணக்கில் குருவையும் தெய்வங்களையும் ஊர் ஊராகப் பெயர் சொல்லி அழைப்பார். நடுச்சாமத்துக்கு மேல்தான் நோயின் பெயர் வெளிவரும்: தெய்வக் குற்றம், மசான் என்னும் சுடுகாட்டுப் பேய், பிரேதம், அல்லது சாத்தோ போய்விட்டது. சாத்தோ போவது என்றால் அரண்டு உயிர்க்கூறு விலகிப்போவது. பயந்த கோளாறு என்று நாம் சொல்வதை அப்படியே மொழிபெயர்த்த மாதிரி இருக்கும். பயணிகளுக்கு அடிக்கடி சொல்லப்படுவதும் இதுதான், காரணமில்லாமல் இல்லை. மலைச்சாலையில் ஒரு பேருந்துப் பயணம் போதும்.

சிந்தாவை விடுதி அறையில் வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுத்தால் பறை வரும், சிந்தா வராது. அடுப்பில்லை, வாசல்படியில்லை, வீட்டுத் தெய்வமில்லை, யாரைக் காப்பது? ரசுவா மாவட்டத்தின் கட்லாங், பிரிதிம் போன்ற தாமாங் ஊர்களில் வீடுகளில் தங்க இடம் கொடுக்கிறார்கள். அங்கே குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். முதல் இரவு அறிமுகம். இரண்டாம் நாள் ஜோகானா. சிந்தா தேவை என்று போம்போ சொன்னால், வீட்டுக்காரர் ஒப்பினால், மூன்றாம் இரவு. வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். தேவையில்லாமல் தெய்வத்தை எழுப்புவதை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

செலவு முழுவதையும் கேட்டவர்தான் ஏற்க வேண்டும்: அரிசி, ரக்சி, எண்ணெய், விழித்திருக்கும் அக்கம்பக்கத்தாருக்குச் சாப்பாடு. அநேகமாக ஒரு சேவலும். சேவல் அறுக்கப்படும். அது ஒப்பாதென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். முட்டையோடு முடிப்பதா, இந்தச் சடங்கே வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார். நள்ளிரவில் சொன்னால் பாதியில் நிற்கும், பாதியில் நிறுத்திய சடங்கு வீட்டுக்காரரின் தலையில் விடியும். பேட்டி என்னும் காணிக்கையை ஒன்றில் முடியும் தொகையாக, 501, 1001 என்று, அரிசித் தட்டின்மேல் வைப்பது வழக்கம். நேபாள ரூபாயாகவே வையுங்கள். இந்திய ஒரு ரூபாய் அங்கே 1.60. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும், ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

பறையையும் புர்பா என்னும் சடங்குக் குத்துவாளையும் தொடக் கூடாது, தாண்டக் கூடாது. தானுக்கும் ஜாங்க்ரிக்கும் நடுவே போகக் கூடாது. ஆடும்போது எழுந்து கூட ஆடுகிற வெளிநாட்டவர்களைப் பார்த்து ஊர் சிரித்தாலும் ஜாங்க்ரி சிரிக்கமாட்டார். மாதவிலக்கில் இருக்கும் பெண்களை வெளியே இருக்கச் சொல்லும் வீடுகள் உண்டு. தேதியை முன்பே யோசித்துக்கொண்டால் சங்கடம் குறையும். ஊமத்தை கலந்த எதையும், யார் கொடுத்தாலும், குடிக்க வேண்டாம். அதன் நஞ்சு செடிக்குச் செடி மாறும்.

ஆவணி வாக்கில் வரும் ஜனை பூர்ணிமாவன்று ஜாங்க்ரிகள் கூட்டமாகக் கோசாய்குண்டம் ஏரிக்குப் போவார்கள். அது அவர்கள் தங்கள் சக்தியைப் புதுப்பித்துக்கொள்ளும் நாள். ஏரி 4,380 மீட்டர் உயரத்தில். 2,000 மீட்டர் அளவிலுள்ள துன்ச்சேயிலிருந்து இரண்டே நாளில் ஏறும் யாத்ரீகர்கள் உயர நோயில் விழுவது வாடிக்கை. வழியில் மூன்று இரவாவது தங்க முடியாதவர்கள் அதே நாளில் காட்மாண்டுவை ஒட்டிய பாட்டன் நகரின் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். கோசாய்குண்டத்து நீர்தான் அந்தக் கோயில் குளத்தில் ஊறுகிறது என்பது நம்பிக்கை. அங்கும் ஜாங்க்ரிகள் பறையோடு வருவார்கள், மூச்சும் வாங்காது.

குமாவுன்: வம்சத்தின் கணக்கு

இது மூன்றிலும் செறிவானது. வெளியாளுக்கு எட்டாததும் இதுதான். ஜகரியா ஹுட்காவோடு தெய்வத்தின் கதையைப் பாடுவார். துணைக்கு வெண்கலத் தட்டு ஒலிக்கும். கோலு, கங்கநாத், ஐரி என்று அந்தக் குடும்பத்துக்கு உரிய தெய்வம் டங்கரியா மேல் இறங்கும். வீட்டுத் தலைவர் குறையைச் சொல்வார். தெய்வம் எதிர்க்கேள்வி போடும்: அண்ணன் தம்பி நிலத் தகராறு, முன்னோர் யாருக்கோ இழைத்த அநியாயம், மறந்துபோன நேர்ச்சை. அரிசி மணிகளும் திருநீறும்தான் பதில். குலதெய்வம் என்றால் என்னவென்று தெரிந்தவருக்கு, இதில் வெளியூரார் ஏன் கேள்வி கேட்க முடியாது என்று விளக்க வேண்டியதில்லை. யாராவது அழைத்தால் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். காசு கொடுத்து ஏற்பாடு செய்து தருவதாக ஒருவர் சொன்னால் அது நாடகம்.

இதற்கு ஈடாக ஒன்று இருக்கிறது. அல்மோராவிலிருந்து எட்டு கிலோமீட்டர் அளவில் சிதயி கோலு தேவதா கோயில். கோலு நீதியின் தெய்வம். முத்திரைத்தாளிலோ வெறும் தாளிலோ மனு எழுதிக் கட்டுவார்கள், நிறைவேறினால் மணி கட்டுவார்கள். கோயில் முழுக்கத் தாளும் மணியும்தான். சாமியாடி இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை, யாரும் போகலாம். மனுவை வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுத்தவர் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் வேண்டாம். மனக்குறை உள்ளவருக்கு லாமோவைவிட இதுவே பொருத்தம் என்பது எங்கள் கணிப்பு.

காட்மாண்டுவின் சுற்றுலாப் பகுதியான தமேலிலும் பொக்காராவிலும் விற்கும் ‘ஷாமன் சிகிச்சை’ வகுப்புகளை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அங்கே வயிற்றின்மேல் வைக்கும் உலோகக் கிண்ணம் ஜாங்க்ரியின் கருவியே அல்ல. களைப்பு தீர ஒரு மணி நேரம் படுத்திருக்க ஆசையென்றால் போகலாம்.

எழுந்து வர வேண்டிய நேரம்

மூன்று ஊருக்கும் பொதுவான எச்சரிக்கைகள் சில. சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொன்னால், சரியென்று தலையாட்டிவிட்டு மாத்திரையைத் தொடருங்கள். முதலில் சொன்ன தொகைக்குப் பிறகு, ‘இன்னொரு தோஷம் தெரிகிறது’ என்று இரண்டாவது தொகை வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இவற்றைவிடக் கனமான ஒன்று நேபாளத்தில் உண்டு. நோய்க்குக் காரணம் போக்சி, அதாவது சூனியக்காரி, என்று சொல்லி ஊரில் ஒரு பெண்ணைச் சுட்டிக்காட்டினால் அது உங்களோடு போகாது. நீங்கள் பேருந்து ஏறிவிடுவீர்கள், அவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். விதவைகளும் ஏழைப் பெண்களும் இப்படி அடிபட்டிருக்கிறார்கள். 2015 முதல் சூனியப் பழி சுமத்துவதற்கென்றே தனிச் சட்டத்தில் தண்டனை உண்டு. ஆகவே ஜோகானாவுக்கு அரிசியைக் கொடுக்கும்போதே, மொழிபெயர்ப்பவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: என்ன குறை, என்ன பரிகாரம், அது மட்டும் போதும், ஆள் பெயர் வேண்டாம்.