புல் பத்தையா, நடவுப் புல்லா, விதையா: வடசென்னை முற்றத்துக்கு எது ஒத்துவரும்?

மாதவரம் பக்கத்து நர்சரிகளில் கார்பெட் புல் என்று கேட்டால், மண்ணோடு சேர்த்து வெட்டி அடுக்கிய பத்தைகளைக் காட்டுவார்கள். பெரும்பாலும் கொரியன் புல்தான். காலையில் வண்டியில் வந்து இறங்கினால், சின்ன முற்றம் மாலைக்குள் பச்சையாகிவிடும். ஆனால் இடம் முழுவதற்கும் காசு கொடுத்தாக வேண்டும். ஓரங்களில் வெட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வாங்க வேண்டும். நடவுப் புல் என்பது அதே பத்தையை வேரோடு பிரித்து நான்கு அங்குல இடைவெளியில் நடுவது. அப்படி நட்டால், ஒரு சதுர அடிப் பத்தை எட்டு, பத்து சதுர அடிக்குக் காணும். விதை இன்னும் மலிவு. விலையை மட்டும் வைத்து முடிவெடுக்கலாம் என்றால் வேலை சுலபம். வடசென்னையில் அது நடக்காது. திருவொற்றியூர் மணலும் உப்புத் தண்ணீரும் வேறு, புழல், கொளத்தூர்ப் பக்கத்துக் களிமண் வேறு.

விதையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். விதைத்து வளர்க்க எளிதாகக் கிடைப்பது அருகம்புல் விதைதான். பாதியை எறும்பு இழுத்துப் போகும். மீதியை ஒரு பெருமழை ஒரு மூலைக்கு அடித்துச் சென்று குவிக்கும். உப்புத் தண்ணீரில் இளம் நாற்று நிற்பதும் கடினம். பெரிய மைதானத்துக்கு விதைக்கலாம். வீட்டு முற்றத்துக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி பத்தைக்கும் நடவுப் புல்லுக்கும்தான். இதில் பத்தையின் பெரிய லாபம் அழகு இல்லை, களை எடுக்கும் வேலை மிச்சமாவதுதான் என்பேன். நட்ட புல் இடைவெளிகளை மூடி முடிக்க நான்கைந்து மாதம் ஆகும். அதுவரை வெற்று மண்ணில் முளைக்கும் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பிடுங்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத வீட்டில் நடவுப் புல் பாதியிலேயே களைக்காடாகிவிடும். பத்தையோ சாதாரணக் களைகளை அமுக்கிவிடுகிறது.

கோரை மட்டும் இதற்கெல்லாம் கட்டுப்படாது. அதன் கூரான முளை பத்தையைக் குத்திக்கொண்டு மேலே வரும். அதற்குப் பிறகு கிழங்கைத் தோண்டினால் பத்தையும் கையோடு வரும். ஆகவே மண்ணைக் கொத்தி, தண்ணீர் விட்டு, கோரையை முளைக்க வைத்து, கிழங்கோடு எடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யாமல் எந்தப் புல்லையும் வாங்காதீர்கள். லாரியில் வாங்கிக் கொட்டும் செம்மண்ணிலும் கோரைக்கிழங்கு ஒளிந்து வரும். கையால் அளைந்து பார்த்து வாங்குவது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் பத்தை கறாரானது. பதித்த முதல் இரண்டு வாரம் அதன் வேர் கீழ் மண்ணைப் பிடித்திருக்காது. மேலே உள்ள அந்த ஓர் அங்குல மண் காயாதபடி தினமும் இரண்டு மூன்று முறை நனைக்க வேண்டும். கடலோரத்தில் இதுவே ஆபத்து. எண்ணூர், மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது ஊரறிந்த கதை. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை 2010இல் வந்தது. அப்படிக் காய்ச்சி வடித்ததுபோல் கிடைக்கும் நீரைப் புல்லுக்கு ஊற்ற மனம் வராது. போர் தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தெளித்தால், நீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கிவிடும். பத்தைகள் சந்திக்கும் இணைப்பில் முதலில் வெள்ளைப் படிவு தெரியும், பிறகு விளிம்பு பழுப்பாகிச் சுருளும். திருவொற்றியூரில் உப்புத் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டுக்கு என் தேர்வு அருகம்புல் நடவு. உப்பை நன்றாகத் தாங்கும், மணலில் வேகமாகக் கொடி ஓடும். ஆடி மாதத்து மாலை மழைகளைப் பயன்படுத்தி நட்டால் தண்ணீர்ச் சுமையும் குறையும்.

மாதவரம், கொளத்தூர்ப் பக்கம் தண்ணீர் நன்றாக இருக்கும் வீடுகளில் நான் தயங்காமல் பத்தையைச் சொல்வேன். அங்கே எதிரி தேங்கும் நீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் எங்கே நின்றது என்று அந்தத் தெருக்காரர்களுக்கு மறந்திருக்காது. பத்து அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் கொடுத்து, களிமண்ணில் மணலும் மட்கிய எருவும் கலந்த பிறகே பத்தை இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை, மாசியில் பதித்தால் அக்னி நட்சத்திரத்துக்குள் வேர் ஆழமாகிவிடும்.

வாங்கும்போது அடுக்கின் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். சூடாக இருந்து, உள்ளே இலை மஞ்சளித்திருந்தால் வெட்டி நேரமாகிவிட்டது என்று பொருள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் உதிராமல் நிற்க வேண்டும். வந்த அன்றே பதித்துவிடுங்கள். செங்கல் வரிசைபோல் இணைப்பு மாறி மாறி வரட்டும், சந்துகளில் மணல் தூவுங்கள், திமிசுக் கட்டையால் மெதுவாக அமுக்குங்கள். இரண்டு வாரம் கழித்து மூலையை லேசாக இழுத்துப் பார்த்து, வராமல் நின்றால் தண்ணீரைக் குறைத்து, விடும்போது ஆழமாக விடலாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற நெருக்கமான இடங்களில் இரண்டு மாடிகளுக்கு நடுவே நாலடி மண் மிஞ்சியிருக்கும். தினம் ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் விழாவிட்டால், அருகோ கொரியனோ, பத்தையோ நடவோ, எல்லாம் மெலிந்து பாசிக்கு இடம் விடும். அங்கே நடைபாதைக் கல்லை இடைவெளி விட்டுப் பதித்து, வெயில் படும் ஓரத்துக்கு மட்டும் நாலைந்து பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.