சாருபடிக்கு 46 அழிகள்: செங்கோட்டையில் ஒரு மரப்பட்டறையின் ரவுட்டர் வேலை

செங்கோட்டையிலிருந்து புளியரை செல்லும் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு சிறு மரப்பட்டறையில், எங்கள் பழைய வீட்டின் சாருபடிக்கு (திண்ணை விளிம்பில் சாய்ந்து உட்காரும் இருக்கை) 46 அழிகளை (சாய்மானச் சட்டங்களை), சுழலும் அலகால் மரத்தை வெட்டும் ரவுட்டர் என்ற கருவி கொண்டு ஒரே அச்சில் செய்து வாங்கினேன். கையில் இருக்கும் வேலையையே முடிக்க ஆளில்லை, பெயரைப் போட்டு மேலும் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று ஆசாரி கேட்டுக்கொண்டதால், பட்டறையின் பெயரைச் சொல்லாமல் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குறைகளும் சில இருப்பதால், எனக்கும் அதுவே வசதியாகப் படுகிறது.

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர். அதனால் இங்கே பழைய வீடுகள் சிலவற்றில் மலையாள நாட்டு முறையிலான சாருபடி இன்றும் இருக்கிறது. முன்திண்ணையின் விளிம்பில் அமர்வதற்கு ஒரு பலகையும், முதுகைச் சாய்த்துக்கொள்ள வெளிப்புறமாக வளைந்து செல்லும் அழிகளின் வரிசையும் கொண்ட அமைப்பு அது. எங்கள் வீட்டில் மொத்தம் 61 அழிகள். அவற்றில் 43 வண்டரித்தோ, மழையில் உளுத்தோ போயிருந்தன. ஒவ்வொன்றும் 640 மி.மீ. நீளம், 45 மி.மீ. அகலம், 22 மி.மீ. கனம், பக்கவாட்டில் பார்த்தால் நெளிந்து வளைந்த வடிவம். உடைவதற்கு மூன்று கூடுதலாகச் சேர்த்து 46 கேட்டேன். மரம் அறுக்கும் மில்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. நேராக அறுத்துத் தர எவரும் தயார். ஆனால் ஒரு வளைவை 46 முறை மாறாமல் வெட்டித் தருபவரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

கையால் செய்ய வேறொரு ஆசாரி ஒரு அழிக்கு 400 ரூபாய் கேட்டார். இந்தப் பட்டறையில் ஒரு அழிக்கு 160 ரூபாயும், அதற்கான ஜிக் (கட்டையை ஒரே நிலையில் பிடித்து, அச்சின்படி வெட்ட உதவும் தாங்கி) செய்யத் தனியாக 2,800 ரூபாயும் கேட்டார்கள். இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்துத் திருகாணி போடுவதற்கு இவ்வளவா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வேலை முடிந்தபின் யோசித்துப் பார்த்தால், அந்த 2,800 ரூபாய்க்கு உரிய உழைப்பைத்தான் பட்டறை ஆசாரி முழுதாகச் செய்தார், ரவுட்டர் ஓடியது அதற்குப் பின்னால் வந்த சிறு வேலை என்று தோன்றுகிறது.

முதல் நாளே ஒரு சிக்கல் வெளிப்பட்டது. நல்ல நிலையில் இருந்த பழைய அழிகளில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வளைவு ஓரிடத்தில் 4 மி.மீ. வரை மாறுபட்டது. கையால் இழைத்த காலத்து வேலை அப்படித்தான் இருக்கும். வரிசையில் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. இப்போது எதை மூலமாகக் கொள்வது? ஆசாரி மூன்றையும் காகிதத்தில் வரைந்து, நடுவாகச் செல்லும் கோட்டை எடுத்துக்கொண்டு, அதன்படி 12 மி.மீ. பலகையில் மூல அச்சை அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் ஒன்றரை நாள் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்து, எங்காவது தட்டினால் மறுபடியும் தேய்த்தார். பிட்டின் (ரவுட்டரில் சுழன்று வெட்டும் அலகு) நுனியில் இருக்கும் பேரிங் (தனியே உருளும் வளையம்) அச்சின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே ஓடுவதால், அதிலுள்ள ஒரு சிறு மேடும் அப்படியே 46 அழிகளிலும் பதியும் என்பதுதான் காரணம். அந்த மூலத்தை அவர் நேரடியாக வேலைக்கு எடுக்கவில்லை. அதிலிருந்து ரவுட்டராலேயே இன்னொரு அச்சை வெட்டி, அதை ஜிக்கில் பொருத்திவிட்டு, மூலத்தைச் சுவரில் மாட்டிவிட்டார். வேலை அச்சு கெட்டுப்போனால் அரை மணி நேரத்தில் இன்னொன்று கிடைத்துவிடும்.

ஜிக்கின் அமைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம். 18 மி.மீ. பிளைவுட் அடிப்பலகையில், அழியின் உள்வளைவுக்கு ஓர் இடமும் வெளிவளைவுக்கு ஓர் இடமுமாக இரண்டு இருக்கைகள். முதல் இருக்கையில் ஒரு பக்கத்தை வெட்டி முடித்த அழி, இரண்டாம் இருக்கையில் அதே வளைவுள்ள தடுப்போடு ஒட்டி உட்காருகிறது. அதனால் அகலம் எங்கும் மாற வழியில்லை. இரண்டு டாகிள் கிளாம்ப்கள் கட்டையை அழுத்திப் பிடிக்கின்றன. தடுப்புக்கட்டைகள் அடிப்பலகையைத் தொடும் மூலையில் ஒரு சிறு பள்ளம் ஓடுகிறது. மரத்தூள் அங்கே இறங்கிவிடுவதால், அடுத்த கட்டை தூளின்மேல் உட்கார்ந்து அரை மில்லிமீட்டர் தள்ளிப்போவதில்லை. அச்சு, அழியின் இரு முனைகளையும் தாண்டி 40 மி.மீ. நீண்டிருக்கிறது. பிட்டு மரத்தைத் தொடும் முன்பே பேரிங் அச்சில் ஏறிவிட வேண்டும் என்பதற்காக இந்த நீட்சி. இது இல்லாவிட்டால் பிட்டு கட்டையின் முனையைக் கவ்வி இழுத்துவிடும்.

ரவுட்டர் மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. பேண்ட்சா என்ற பட்டை ரம்ப இயந்திரத்தில் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. மட்டும் விட்டு அறுத்த கட்டையை ஜிக்கில் பிடித்து, பிட்டுக்கு முன்னால் வலமிருந்து இடமாகத் தள்ளுகிறார்கள். பிட்டு சுழலும் திசைக்கு எதிராகத் தள்ளினால்தான் கட்டை கைக்குள் நிற்கும். மரம் எங்கள் வீட்டுப் பழைய தேக்கு உத்திரம். அதை இறக்கியதும் ஆசாரி முதலில் செய்தது காந்தத்தை எடுத்துக்கொண்டு முழு நீளத்துக்கும் தடவியதுதான். நான்கு ஆணிகள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று கார்பைடு பிட்டில் பட்டிருந்தாலும் பல் பெயர்ந்திருக்கும். தேக்கில் சிலிக்கா இருப்பதால், ஆணி இல்லாவிட்டாலும் பிட்டின் கூர் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. 46 அழிகளுக்குள் ஒருமுறை பிட்டை மாற்ற வேண்டியிருந்தது.

இங்கே என் கஞ்சத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். நெளிந்த வளைவில் பாதி தூரத்துக்கு மர இழையின் வாட்டம் வெட்டுக்கு இசைவாகவும், மீதிப் பாதியில் எதிராகவும் இருக்கும். எதிர்வாட்டத்தில் பிட்டு செல்லும்போது சிலாம்பு பெயரும். இடவலம் மாறிய இன்னொரு ஜிக் இருந்தால், கட்டையைக் கவிழ்த்து வைத்து அந்தப் பாதியையும் இசைவான வாட்டத்திலேயே வெட்டலாம், அதற்கு 1,200 ரூபாய் ஆகும் என்று ஆசாரி தொடக்கத்திலேயே சொன்னார். வேண்டாம் என்றேன். முதல் பத்தில் நான்கு, வளைவின் இறக்கத்தில் விரல் நீளத்துக்குச் சிலாம்பு பெயர்ந்து வீணாயின. “அண்ணாச்சி, மரம் உங்களுடையது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அன்று மாலையே 1,200 ரூபாய் கொடுத்தேன். அதற்குப் பின் ஒரு அழிகூடப் பெயரவில்லை. வீணான நான்குக்கும் கூலி கேட்காமல், உத்திரத்தின் மீதியிலிருந்து வேறு நான்கு வெட்டித் தந்தார்.

அழிகள் இறங்குவதற்கான துளைகளையும் அங்கேயே அடிச்சட்டத்தில் போட்டார்கள். இதற்குப் பேரிங் பிட்டு உதவாது. ரவுட்டரின் அடியில் புஷ் (பிட்டைச் சுற்றி நிற்கும் வளையம்) மாட்டி, அது அச்சின் துவாரத்துக்குள் ஓட வேண்டும். 16 மி.மீ. புஷ்ஷும் 10 மி.மீ. பிட்டும் என்றால், புஷ்ஷின் ஓரத்திலிருந்து பிட்டின் ஓரம் சுற்றிலும் 3 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். ஆகவே 12க்கு 40 மி.மீ. துளை வேண்டுமானால், அச்சில் 18க்கு 46 மி.மீ. துவாரம் வெட்ட வேண்டும். இந்தக் கணக்கைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருக்கிறார்கள். துளையின் மூலைகள் உருண்டையாகவே வரும். உளியால் சதுரமாக்குவது கூலியில் சேராது என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். சொன்ன நாளுக்குப் பதினொரு நாள் தாமதம். காரணம் ஜூன் மாதச் சாரல். முதலில் வேலை அச்சை, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் செய்திருந்தார்கள். ஒரு வார ஈரத்தில் அதன் விளிம்பு ஊதி, வளைவு தடித்துவிட்டது. பிறகு ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 தரத்து மெரைன் பிளைவுட்டில் மறுபடியும் வெட்டினார்கள். குற்றாலத்துச் சாரல் வீசும் ஊரில் தொழில் செய்பவருக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தூசு உறிஞ்சும் ஏற்பாடு ஏதும் இல்லை. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். அரை நாள் நின்று வேடிக்கை பார்த்த எனக்கு முழங்கை வரை தடித்தது. வேலை செய்யும் பையன்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கண்ணாடிகூட அணிவதில்லை. ஆறேழு அழிகளின் முனைகளில், தள்ளுவதைச் சற்று நிறுத்தியதால் ஏற்பட்ட கருகல் தடங்கள் இருந்தன. அவை உப்புத்தாளில் போய்விட்டன, ஆனால் அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

மொத்தச் செலவு 11,360 ரூபாய். கையால் செய்திருந்தால் 18,400 ஆகியிருக்கும். ஒரு அழிக்கு 240 ரூபாய் மிச்சம் என்பதால், இரண்டு ஜிக்கின் 4,000 ரூபாயை ஈடுகட்ட 17 அழிகளாவது வேண்டும். நான்கைந்து துண்டுகளுக்காக இங்கே போவதில் பொருளில்லை. அவற்றை உளியும் அரமும் உள்ள ஆசாரியிடமே கொடுத்துவிடலாம். படிக்கட்டுக் கைப்பிடி, நாற்காலிக் கால், கூரை முகப்பின் அலங்காரப் பலகை என்று ஒரே வடிவம் இருபதைத் தாண்டினால், தாமதத்துக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு போகலாம். கூடுதல் ஜிக் வேண்டுமா என்று அவர் கேட்டால் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அழிகளை வரிசையாக மாட்டியபோது, புதிய 43ம் பழைய 18ம் கலந்து நின்றதில் வேறுபாடு தெரிந்தது: புதியவை ஒன்றுபோல இருக்க, பழையவை ஆளுக்கொரு விதமாக அங்கங்கே சற்று முன்னும் பின்னுமாக நின்றன. புதியவற்றை ஒரே பக்கமாகச் சேர்த்து மாட்டியபின் சரியாயிற்று.

கடைசியாக ஒரு வழக்கு. ஜிக்குக்குப் பணம் கொடுத்தவன் நான், ஆகவே அது எனக்கு உரியது என்றேன். கிளாம்ப்கள் பட்டறையுடையவை என்றார் அவர். இரண்டு நாள் பேச்சுக்குப் பின், கிளாம்ப்களையும் அடிப்பலகையையும் அவர் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த மூல அச்சை என்னிடம் தந்தார். மீதமிருக்கும் 18 பழைய அழிகள் உளுக்கும்போது அதை எடுத்துக்கொண்டு வந்தால் 160 ரூபாய்க் கூலி மட்டும் போதும் என்று அதன் பின்புறத்திலேயே பென்சிலால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.