பழைய சமையலறை அலமாரிக்குக் கீலும் கைப்பிடியும்: கழற்றி எடுத்ததா, பழைய இருப்பா, புதுப் பிரதியா?

1920 முதல் 1960 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட மரச் சமையலறை அலமாரி ஒன்றில் இரண்டு கைப்பிடிகளும் ஒரு கீலும் காணாமல் போயிருந்தால், அவற்றை ஈடுசெய்ய மூன்று வழிகள் இருக்கின்றன: இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து கழற்றி எடுத்த பழைய சாமான், விற்காமல் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்ட பழைய இருப்பு, பழைய வடிவத்தைப் பார்த்து இன்று செய்யப்படும் பிரதி. பலரும் கைப்பிடியின் அழகிலிருந்துதான் தேடலைத் தொடங்குகிறார்கள். கீலிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் கைப்பிடி தவறினால் கண்தான் உறுத்தும், கீல் தவறினால் கதவே மூடாது.

அக்கால அலமாரிக் கதவுகள் பலவற்றில் விளிம்பின் உட்புறம் 3/8 அங்குலம் காடி வெட்டப்பட்டிருக்கும்; அதனால் கதவின் ஒரு பகுதி சட்டத்துக்குள் அமர, மீதி வெளியே துருத்தி நிற்கும். இதற்கு வேண்டிய கீலின் தகடும் அதே 3/8 அங்குல அளவுக்கு வளைந்திருக்க வேண்டும். பிரதிகளிலும் இந்த வளைவு கிடைக்கிறது. ஆனால் திருகுத் துளைகள் பழைய துளைகளிலிருந்து நூலளவு விலகி விழுவதுண்டு, அப்படி விழும்போது பழைய துளையின் ஓரத்திலேயே புதுத் திருகாணி இறங்கிப் பிடிப்பில்லாமல் ஆடும். பழைய துளையை மரக்குச்சியும் பசையும் இட்டு அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிட்டால் இது சரியாகிவிடும். அதே தயாரிப்பாளரின் அதே வகைக் கீல் கழற்றிய சாமானில் கிடைத்தாலோ இந்த வேலையே இல்லை, பெயின்டில் பதிந்த பழைய தடத்தின்மேல் அது அப்படியே உட்காரும். ஆகவே கீலைப் பொறுத்தவரை கழற்றிய சாமானே முந்துகிறது. கதவு மூடியிருக்கும்போது வெளியே தெரியாத இன்றைய மறைகீலுக்காகக் கதவில் 35 மி.மீ. குழி தோண்டுவதை மட்டும் செய்ய வேண்டாம். அந்தக் கதவைப் பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

கைப்பிடியில் நிலைமை வேறு. பழைய கைப்பிடிகளில் இரு துளைகளுக்கிடையே 3 அங்குலம், அதாவது ஏறத்தாழ 76 மி.மீ., பரவலான அளவு; இன்று கடைகளில் மிகுதியாக இருப்பவை 96, 128 மி.மீ. அளவுகள் என்பதால், அளக்காமல் வாங்கியது பெரும்பாலும் பொருந்தாது. 3 அங்குலப் பிரதிகள் தேடினால் கிடைக்கும்; பன்னிரண்டு வேண்டுமென்றால் பன்னிரண்டும் ஒரே சாயலில் கிடைப்பது பிரதியின் பெரிய பலம். கழற்றிய சாமானில் ஏழோ எட்டோதான் சேரும். துத்தநாகக் கலவையில் வார்த்தது என்றாலே பிற்காலப் பொருள் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம்: அச்சுவார்ப்புக்கேற்ற ஸமாக் (Zamak) என்ற துத்தநாகக் கலவைகள் 1929-லேயே வந்துவிட்டன. பித்தளை என்று சொல்லி விற்கப்படுவதில் காந்தம் ஒட்டினால், உள்ளே இருப்பது முலாம் பூசிய எஃகு.

பழைய இருப்பில் முலாம் மங்காமல் இருக்கும், பல வேளைகளில் உரிய திருகாணிகளும் உடன் வரும். திருகாணி சிறிய விஷயமன்று. கூட்டல்குறித் தலைக்கான ஃபிலிப்ஸ் காப்புரிமைகள் 1936-இல்தான் வழங்கப்பட்டன, ஆகவே 1920-களின் அலமாரியில் ஒற்றைக் காடித் தலையே பொருந்தும். இந்த இருப்பில் வேண்டிய எண்ணிக்கை அமைவது அரிது. அமைந்தால் தயங்காமல் வாங்கலாம்.

கழற்றிய சாமானில் பெயின்ட் அப்பியிருந்தால் அதைச் சுரண்டவோ தீயில் காட்டவோ கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா 1978-இல்தான் தடை செய்தது, ஆகவே பழைய பெயின்டில் நச்சான ஈயம் இருக்கக்கூடும். சமையலுக்கு இனி எடுக்காத பாத்திரத்தில் வெந்நீரில் ஊறவைத்தால் பெயின்ட் இளகி உரியும்.

எல்லாம் ஒரே வழியில் அமையாதபோது, கீல்களுக்குக் கழற்றிய சாமானையும் கைப்பிடிகளுக்குப் பிரதியையும் எடுத்துக்கொள்ளலாம். எஞ்சியிருக்கும் அசல் கைப்பிடிகளைக் கண்மட்டத்திலுள்ள மேல் கதவுகளுக்கு மாற்றி, பிரதிகளைக் கீழ் இழுப்பறைகளில் பொருத்துங்கள்.