உள்ளூர்ப் பள்ளியா, இந்தியப் பாடத்திட்டமா?

மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்ததும், மகளை எங்கே சேர்ப்பது என்று வீட்டில் ஒரே பேச்சு. சிபிஎஸ்இ பாடம் நடத்தும் பன்னாட்டுப் பள்ளி என்றால் எல்லாம் பழகியது. ஊர் திரும்பினாலும் விட்ட இடத்தில் தொடரலாம். வகுப்பிலும் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். ஆனால் கட்டணம் கையைக் கடிக்கும்.

அரசுப் பள்ளியில் நுழைவதே பெரும்பாடு. தொடக்கநிலை 2 முதல் 5 வரை (நம் ஊர் 2 முதல் 5ஆம் வகுப்பு மாதிரி) சேர வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏஇஐஎஸ் என்ற சேர்க்கைத் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் எழுத வேண்டும். தேறினாலும் இடம் இருந்தால்தான். கல்வியாண்டு வேறு ஜனவரியில் தொடங்குகிறது. தொடக்கநிலை 6இல் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு காத்திருக்கிறது.

எப்படியோ அரசுப் பள்ளியே கிடைத்தது. முதல் நாள் இடைவேளையில் கேண்டீன் வரிசையில் நின்றவள், என்ன கேட்பதென்று தெரியாமல் 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டைக் கசக்கிப் பிடித்தபடி பசியோடு திரும்பிவிட்டாள். அன்றிரவு அழுகை. அப்புறம் பக்கத்து புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) மலாய்ச் சிறுமி 'மீ கோரெங்' (வறுத்த நூடுல்ஸ்) என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றே மாதத்தில் மகள் பேச்சின் முடிவில் சிங்கப்பூர்க்காரர்களின் 'லா' ஒட்டிக்கொண்டது. அவள் அப்பாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை!

தமிழும் அங்கே தாய்மொழிப் பாடமாக இருக்கிறது, அதனால் பாட்டிக்குக் கடிதம் எழுதுவது நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் ஊர் திரும்புகிறவர்களுக்குப் பன்னாட்டுப் பள்ளியே சரி. தங்கப்போகிறவர்கள் கொஞ்சம் சிரமப்பட்டாலும் அரசுப் பள்ளிக்கே முயலலாம். சாயங்காலம் புளோக்குக்குக் கீழே விளையாட மகளுக்கு இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள்.