186 டாலருக்கு வாங்கிய கவரிங் குண்டு: மசில்லோடர் வைத்திருப்பவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

186 டாலர். ஊர்ப் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். போன வாரமே எழுதியிருக்க வேண்டியது, எப்படியும் பணம் திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்று காலை வந்த பதிலைப் படித்த பிறகு அந்த நம்பிக்கையும் போயிற்று.

நான் இருப்பது ஓஹையோவில். இங்கே ஜனவரி தொடக்கத்தில் நான்கு நாள் மசில்லோடர் மான் வேட்டைக் காலம் வரும். மசில்லோடர் என்றால் பெரிய விஷயமில்லை, நம் ஊரில் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருப்பார்களே நாட்டுத் துப்பாக்கி, வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடிப்பது, அதற்குத் தூரத்துப் பேரன். என்னுடையது ஐம்பது காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம். ஆனால் நான் போடுவது அதைவிடச் சின்னக் குண்டு. அதை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார வைத்து, கிண்ணத்தோடு சேர்த்து இறக்குவோம். அந்தக் கிண்ணத்துக்குத்தான் சேபோ என்று பெயர். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டியிருக்கும் புரியைப் பிடித்துச் சுழல்வது சேபோதான், வாயைத் தாண்டியதும் இதழ் விரிந்து கழன்றுவிடும், குண்டு மட்டும் போகும். ஆகவே இரண்டும் ஜோடி சேர்ந்திருக்க வேண்டும். 0.452 அங்குலக் குண்டுக்கான சேபோ வேறு, 0.430 குண்டுக்கானது வேறு. என் 186 டாலர் போனது இந்த இடத்தில்தான்.

மலிவாக ஏன் தேடினேன் என்று கேட்பீர்கள். வேட்டைக்கென்றே பெட்டியில் வரும் சேபோ குண்டு ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் ஆகிறது. பயிற்சிக்குப் போய் இருபது சுட்டால் இருபது, முப்பது டாலர் புகையாகப் போகும், மருந்துச் செலவு தனி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கைத்துப்பாக்கிக் குண்டை மொத்தமாக வாங்கி, சேபோவைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்வார்கள். அதிலும் இரண்டு வகை. ஜாக்கெட் குண்டு என்றால் ஈயத்தின் மேல் தடிமனான செம்பு உறை. பிளேட்டட் என்றால் ஈயத்துக்குச் செம்பு முலாம், அவ்வளவுதான், நம் கவரிங் வளையல் மாதிரி. முலாம் குண்டைக் குறை சொல்லவில்லை, தாளில் ஓட்டை போடுவதற்கு அது போதும். ஆனால் அதைச் செய்கிறவர்களே ஒரு வேக வரம்பு சொல்லித்தான் விற்பார்கள், அது கைத்துப்பாக்கி வேகத்துக்கானது. என் துப்பாக்கியில் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் போகிறது.

இணையச் சந்தை ஒன்றில் ஒருவன் போட்டிருந்தான்: 300 குண்டு, 300 சேபோ, ஜாக்கெட், 0.452 அங்குலம், எடை 250 கிரெயின், வேட்டைக்கு உகந்தது, 186 டாலர். ஜோடி 62 சென்ட். எனக்கும் சந்தேகம் வந்தது, அதனால்தான் முதலில் செய்தி அனுப்பினேன். இரவு பதினொரு மணிக்கு உடனே பதில் வந்தது. அவன் முதலில் கேட்டதே, "உங்கள் குழலின் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று?" என்றுதான். 28 என்றேன். "அப்படியென்றால் சேபோவுக்குத் தோதான துப்பாக்கி, 48 என்றால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்" என்றான். அங்கேதான் விழுந்தேன். வேண்டாம் என்றும் சொல்லத் தெரிந்த வியாபாரி ஏமாற்ற மாட்டான் என்று மனசு தானாக முடிவு கட்டிவிட்டது. அப்புறம் தான் சுட்ட இலக்குத் தாளின் படம் ஒன்று, மூன்று ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் போல. பத்து நிமிடத்தில் பணம் கட்டிவிட்டேன்.

நவம்பர் முதல் வாரம் பொட்டலம் வந்தது. அலுவலக வேலையில் அதைப் பிரிக்காமலே வைத்திருந்தேன், இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். டிசம்பர் கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய்த்தான் பிரித்தேன். பெயரும் ஊரும் இல்லாத வெறும் ஜிப் பை. முதல் குண்டை வைத்துத் தள்ளினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்குகிறது. வழக்கமாகக் கொஞ்சம் மூச்சுப்பிடித்துத் தள்ள வேண்டும். பெரியவர் புருவத்தைத் தூக்கினார், நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். ஐம்பது கஜத்தில் மூன்று சுட்டேன். ஒன்று தாளின் ஓரத்தில், ஒன்றைக் காணவே காணோம், மூன்றாவது பக்கவாட்டில் படுத்துக்கொண்டே போய்த் தாளை நீளமாகக் கிழித்திருந்தது.

எனக்கு உதறல் எடுத்தது அதற்கு அடுத்ததில்தான். குண்டு மருந்தின் மேல் சரியாக உட்கார்ந்தால் கம்பி எதுவரை இறங்கும் என்று கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்திருப்போம். நான்காவதை இறக்கிவிட்டு, வாயைக் கீழே சாய்த்தபடி இரண்டு எட்டு நடந்தேன். "கம்பியைப் போட்டுப் பார்" என்றார் பெரியவர். கோடு ஒரு அங்குலம் மேலே நிற்கிறது. குண்டு தானாக முன்னால் நழுவியிருக்கிறது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுகிற பொருள் இது.

வீட்டுக்கு வந்து வெர்னியரை எடுத்து இருபது குண்டை அளந்தேன். எல்லாம் 0.429, 0.430. எடை 240 கிரெயின், கிட்டத்தட்ட இரண்டு பவுன். அதாவது நாற்பத்து நான்கு காலிபர் என்று பெயரளவில் சொல்லும் குண்டை எடுத்து நாற்பத்தைந்துக்கான சேபோவோடு கட்டி விற்றிருக்கிறான். கத்தியால் சுரண்டினால் உடனே ஈயம் பல்லைக் காட்டுகிறது. ஜாக்கெட்டும் இல்லை ஒன்றும் இல்லை.

இனி அவன் பதில்கள். முதலில், குழலைத் துடைத்தீர்களா என்றான். துடைத்தேன், ஒவ்வொரு சூட்டுக்கும். அப்புறம், மருந்தைக் குறையுங்கள். வெர்னியர் படம் அனுப்பினால், உங்கள் கருவி மலிவானதாக இருக்கும் என்கிறான், 62 சென்ட் குண்டு விற்றவன்! அதற்குப் பிறகு மௌனம். சந்தைத் தளத்துக்கு எழுதினேன். முதலில் ஒரு இயந்திரம் பேசியது. பிறகு ஒரு மனிதர், சுடுபொருள் எதையும் திரும்ப எடுப்பதில்லை என்றார். இவை வெறும் உலோகக் குண்டுகள், மருந்து கிடையாது, சாதாரணப் பொட்டலமாகத்தானே வந்தது என்று எழுதினேன். இன்று காலை பதில்: 30 நாள் கடந்துவிட்டது. அப்படியென்றால் முதல் காரணம் எங்கே போனது? 186 டாலர் ஐயா.

சரியான சேபோ வாங்கிப் போட்டால் பயிற்சிக்கு ஆகுமே என்றார் பெரியவர். ஆகும்தான். ஆனால் அதற்கு மேலும் ஒரு செலவு, பையில் செய்தவர் பெயர்கூட இல்லாததால் வேக வரம்பும் தெரியாது, மான் மேல் இதை நான் சுட மாட்டேன். கிரெடிட் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. வந்த அன்றே பிரித்து அளந்துவிடுங்கள். முலாமா ஜாக்கெட்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெயரில்லாத பை வேண்டவே வேண்டாம். முதலில் இருபது வாங்குங்கள், முந்நூறு அல்ல. லேசாக இறங்கினால் சுடாதீர்கள், வெளியே எடுங்கள். கம்பியில் கோடு போட மறக்காதீர்கள். அப்புறம் கொலராடோ பக்கம் மசில்லோடர் காலத்துக்குப் போகிறவர்கள், அங்கே சேபோவுக்கே தடை, வாங்கிவிட்டு முழிக்காதீர்கள்.

இதை எழுதும்போது அவன் விளம்பரத்தை இன்னொரு முறை பார்த்தேன். ஜாக்கெட் என்ற சொல்லை மட்டும் எடுத்திருக்கிறான். 0.452 அப்படியே இருக்கிறது, 186 டாலரும்.