செசமி ஸ்ட்ரீட் ஆவணத் தொடர்: ஆண்டு வரிசையா, பொம்மைக்கு ஒரு பாகமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வயதுக்காரர்கள் கூடினால், பொம்மைகள் நடிக்கும் அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சித் தொடரான செசமி ஸ்ட்ரீட் பேச்சு வந்துவிடும். அதைப் பற்றி ஓர் ஆவணத் தொடர் எடுத்தால் எப்படி எடுக்கலாம்?

ஆண்டு வரிசையில் போனால், 1969-இல் தொடங்கியது, 1990-இல் அதன் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் மறைந்தது என்று வரலாறு தெளிவாக வரும். சரி, ஆனால் பாடப்புத்தக வாடை அடிக்கும்.

பொம்மைக்கு ஒரு பாகம் என்றால் சுவையே வேறு. பெரிய மஞ்சள் பறவைப் பொம்மையான பிக் பேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் உள்ளே இருந்து நடித்த கேரல் ஸ்பின்னி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி அதன் வாயை அசைத்தார். சுண்டு விரல் கண்ணிமைகளை இயக்கியது. நெஞ்சில் கட்டிய குட்டித் திரையைப் பார்த்துத்தான் நடித்தார். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் இதைப் பார்த்தால் வாயைப் பிளந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்புறம், கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ இறந்தபின், அவர் இனி வரவே மாட்டார் என்று 1983-இல் பிக் பேர்டுக்குப் பெரியவர்கள் புரியவைத்த காட்சி. தோட்டத்து லய வீடுகளில் சாவு விழுந்தால் பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிற நாம் கட்டாயம் பார்க்க வேண்டியது அது. நான் எடுத்தால் அதற்கே முழுப் பாகம் ஒதுக்குவேன். ஆண்டுகளைத் திரையின் ஓரத்தில் எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.