பெயர்க்கல் வெட்டும் ஒரு பட்டறையும் என் பெயரும்

வீட்டு முகப்பில் பதிக்கிற பெயர்க்கல் செய்துகொடுக்கும் ஒரு பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி போகும் பழைய சாலையில் இருக்கிறது. ஊரெல்லாம் பெயர் வெட்டிக் கொடுக்கிறவர் தன் பட்டறைக்கு ஒரு பலகை மாட்டவில்லை. கேட்டதற்கு, "பேர் போட்டா கூட்டம் வரும். கூட்டம் வந்தா எழுத்தப் பாக்க நேரம் இருக்காது" என்றார். அவரே போடாத பெயரை நான் போடுவது முறையில்லை. ஒரு புளியமரம், அதன் அடியில் சாய்த்து வைத்த கருப்புக் கற்கள், எந்நேரமும் மாவு பூசியதுபோல் வெளுத்து நிற்கும் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்த அடையாளம் போதும்.

நான் இருப்பது தருமபுரியில். அங்கே கிடைக்காத கல்லா என்று கேட்பீர்கள். கிடைத்தது. அதில்தான் வினையே.

என் பெயர் மாதையன். பென்னாகரம் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இந்தப் பெயரில் இருப்பார்கள். மாதேஸ்வரன் மலைச் சாமியின் பெயர் அது. மலை இருப்பது கர்நாடகத்தில், சாமராஜநகர் மாவட்டத்தில். ஆனால் புலிமேல் ஏறி வருகிற சாமிக்கு செக்போஸ்ட் ஏது? மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகப் போய் வருகிறது. மாதையன், மாதப்பன், மாதேஷ், மாதம்மாள், மாது எல்லாம் அவர் பெயரைச் சொல்லி வைத்தவைதான். மாது எங்கள் பக்கம் ஆண் பெயர். என் சித்தப்பா மகன் மாது, கிடா மீசைக்காரன், ஒருமுறை சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது 'திருமதி மாது' என்று கூப்பிட்டார்கள். எழுந்து போய் நின்றிருக்கிறான். நர்ஸம்மா அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அவங்க எங்க?" என்றாராம்.

ஊருக்குள் இருக்கும்வரை என் பெயரால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 1993-ல் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஃபாரம் எழுதிய கிளார்க் கன்னடக்காரர். என் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது, அவர் தாத்தா பெயர் மாதய்யாவாம். சந்தோஷமாக, எழுத்துக் கூட்டாமலேயே எழுதினார்: எம் ஏ டி ஏ ஐ ஒய் ஏ என். இந்த 'டி'யை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு டி இருக்கிறது, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நம் பக்கம் 'த' வந்தால் டீக்குப் போடுகிற டி-யை எழுதி, ஒட்டினாற்போல் ஒரு ஹெச் போடுவோம். கன்னடத்தில் டாக்டருக்குப் போடுகிற டி-யைத் தனியாகப் போட்டுவிடுவார்கள், மாதேஷா, மாதப்பா எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அவர் எழுதியது அவர் வழக்கத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. அதையே ஒரு தமிழர் படித்தால் அந்த டி அவருக்கு 'ட'. முன்னால் நிற்கும் 'மா'வுக்கும் நெடில் போய்விடும்.

நீங்களே கூட்டிப் பாருங்கள். மடையன்.

அந்த ஃபாரத்திலிருந்து பி.எஃப்., பி.எஃப்.பிலிருந்து பேங்க், பேங்க்கிலிருந்து மற்றதெல்லாம். ஓர் அட்டையில் கம்ப்யூட்டரே ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழும் எழுதிக்கொண்டது. போட்டோவில் நான், கீழே அந்தப் பெயர். சென்னை ஹெட் ஆபீஸில் ஒருவர் பல வருடம் என்னை மேத்யூ சார் என்றே கூப்பிட்டார், டிசம்பரில் கேக்கும் அனுப்பினார். நல்ல கேக். திருத்த மனசு வரவில்லை.

வேலை முடிந்து தருமபுரியில், பென்னாகரம் சாலையை ஒட்டி வீடு கட்டினோம். புகுமனை புகுவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் டவுனில் ஒரு கடையில் பெயர்க்கல் சொன்னேன். விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். நான் முதலில் முன்பணத்தை போனில் அனுப்பினேன், பெயரைச் சாயங்காலம் எழுதி அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன். அங்கிருந்த பையன் சுறுசுறுப்பானவன். பணம் வந்த இடத்தில் தெரிந்த ஆங்கிலப் பெயரைப் பார்த்து, தமிழில் தட்டி, அன்றைக்கே வெட்டிவிட்டான். பளபளவென்று கருப்புக் கல், தங்க எழுத்து, ஓரத்தில் கொடி வேலைப்பாடு. நடுவில் 'சி. மடையன்'.

கோபித்துக்கொண்டு என்ன செய்ய? "நீங்க இப்பிடித்தான சார் பேரு வெச்சிருக்கீங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினான். தாளில் தப்பு என்றால் அடித்து எழுதலாம். கல்லில் 'டை'யை 'தை' ஆக்க ஒரு வழியும் கிடையாது. பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் பூசித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று, பணத்தையும் கொடுத்து, கல்லையும் தூக்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி இரண்டு நாள் சிரித்தாள்.

அவளுக்குப் பிறந்த ஊர் காவேரிப்பட்டணம். (பெயரில் காவேரி இருந்தாலும் ஊர் இருப்பது தென்பெண்ணைக் கரையில். பூம்புகார்ப் பக்கமா என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த ஊரும் இப்படி.) என் மச்சான்தான் இந்தப் பட்டறையைச் சொன்னார். இரண்டு பேருமாகப் போனோம்.

பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு சாக்பீஸையும் உடைந்த கிரானைட் துண்டு ஒன்றையும் கொடுத்து, "சொல்லாதீங்க. எழுதுங்க" என்றார். எழுதினேன். அதை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து படித்தார்: "ன்... ய... தை... மா." முன்னாலிருந்து படித்தால் கண் தானாகச் சரி பண்ணிக்கொள்ளுமாம், பின்னாலிருந்து படித்தால்தான் ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்குமாம். அப்புறம்தான் முன்னாலிருந்து ஒருமுறை சத்தமாக, "மாதையன். மலை மாதேஸ்வரன் பேரா?" என்றார். ஓசூர் கிளார்க்குக்கு அப்புறம், நான் விளக்காமல் என் பெயரைப் புரிந்துகொண்ட வெளியாள் இவர்தான்.

அடுத்து, "ஏம்மா, உங்க பேர நீங்க எழுதுங்க." நான் சாக்பீஸை வாங்கி, "ருக்மணிங்க, நானே எழுதிடறேன்" என்றேன். "அவங்க பேரு சார்" என்று என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார்.

அவள் எழுதினாள்: ருக்குமணி.

இருபத்தாறு வருடமாக கேஸ் புக், எல்.ஐ.சி., பிள்ளைகளின் ஸ்கூல் ஃபாரம் எல்லாவற்றிலும் ருக்மணி என்று எழுதியவன் நான். "எப்ப இருந்து இப்படி?" என்றேன். "ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து" என்றாள். "ஏன் சொல்லல?" "நீங்க கேக்கலியே." பெரியவர் இதில் தலையிடவில்லை. கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அவள் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன், 'ருக்குமணி, தர்மபுரி மாவட்டம்' என்று இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான், அதனால் மாவட்டம் சரி. ஆனால் அரசாங்கம் இப்போது எழுதுவது தருமபுரி. மாவட்டத்துக்கே 'ர்'ரா 'ரு'வா என்று இரண்டு வழக்கம் இருக்கிறது. பெரியவர் ஊர்ப் பெயரும் போடணுமா, எந்த தர்மபுரி என்று கேட்டபோது, ஊரே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் கம்ப்யூட்டரில் தட்டி, மெஷினில் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறார்கள். இவரிடமும் அந்த மெஷின் இருக்கிறது, இங்கிலீஷுக்கு மட்டும் அதைத் தொடுகிறார். தமிழ் என்றால் அதில் எழுத்து பிய்ந்துபோகிறதாம். 'தை'க்கு முன்னால் நிற்க வேண்டிய சங்கிலிக் கொம்பு பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாக வரும், பாதிப் பேர் கவனிக்காமலே வாங்கிப் போகிறார்கள் என்றார். அதனால் தமிழை ட்ரேசிங் பேப்பரில் கையால் வரைகிறார். கல்மேல் கனமான ரப்பர் ஸ்டிக்கரை ஒட்டி, வரைந்ததை அதன்மேல் படியெடுத்து, பிளேடால் எழுத்தை மட்டும் கத்தரித்து உரிக்கிறார். பிறகு கம்ப்ரஸர் வைத்து மணலைக் காற்றோடு அடிக்கிறார். ஸ்டிக்கர் உள்ள இடத்தில் மணல் எகிறிவிடும், இல்லாத இடத்தில் கல் அரிபட்டு எழுத்து பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் பெயின்ட். காய்ந்ததும் மிச்ச ஸ்டிக்கரை எங்களையே உரிக்கச் சொன்னார். மூலையில் நகத்தை விட்டு இழுத்தால் தோல்போல் வருகிறது, உள்ளிருந்து எழுத்து ஒவ்வொன்றாகக் கூர்மையாக எழும்புகிறது. 'தை'யின் கொம்பு இரண்டு சுழியும் மூடாமல், உள்ளே கருப்பு தெரிய வந்திருந்தது. அந்த ஒரு எழுத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணல் அடிப்பதற்கு முன்னால் வரைந்த பேப்பரில் நம் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்கிறார். அப்படி அவர் கறாராகிப்போனதற்குக் காரணம் அங்கேயே கிடக்கிறது. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது நினைவிருக்கும். கோயம்புத்தூரும் வேலூரும் அடையாளம் தெரியாமல் நீண்டன. சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்தச் சில நாளுக்குள் ஒரு கிராமத்திலிருந்து அவசரமாக வந்து புது எழுத்தில் ஊர்க்கல் சொன்னார்களாம், வெட்டி முடித்த அன்றைக்கு யாரும் எடுக்க வரவில்லை. இப்போது நாலு செங்கல் மேல் அது டீ கிளாஸ் வைக்கும் மேசை. எந்த ஊர் என்று படிக்க முயன்றேன். மூன்று முறை கூட்டியும் விளங்கவில்லை.

குறைகள் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றவர் அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் தந்தார், புகுமனை புகுவிழா கல் இல்லாமலே முடிந்தது. போனை எடுக்கவே மாட்டார். எடுத்தாலும் கம்ப்ரஸர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ரொக்கம் மட்டும், பில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில். 'ணி'யின் கொக்கி முனையில் பெயின்ட் ஒரு நூல் அளவு கசிந்திருக்கிறது. மனைவி கண்டுபிடித்தாள், நான் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. சாமிப் படம், கொடி, பூ எதுவும் போட மாட்டார், எழுத்து மட்டும்தான். கட்டித் தருவதும் கோணிச் சாக்கில்தான். பத்துக் கிலோ கல்லைப் பஸ்ஸில் தொடைமேல் வைத்துக்கொண்டு காரிமங்கலம் வரை நகர முடியாமல் உட்கார்ந்து வந்தேன், அப்புறம் இடம் கிடைத்துக் கீழே இறக்கினேன்.

இரண்டடிக்கு ஓரடி, பதினெட்டு எம்.எம். கனம், இரண்டு வரி, எல்லாம் சேர்த்து எனக்கு 3,400 ரூபாய் ஆனது. பதிக்கிற கூலி தனி, அது நம் கொத்தனார்தான். டவுன் கடையைவிட அறுநூறு அதிகம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரையை அந்த வியாழக்கிழமைக்காகப் பிடித்துக்கொள்கிறேன்.

பழைய கல்லை என்ன செய்தேன் என்று கேட்டார். பின்பக்கத்தை பாலீஷ் போட்டு வேறு யாருக்காவது வெட்டிக்கொள்ளலாம், பாதி விலை தருகிறேன் என்றார். மனைவி விடவில்லை. கருப்புக் கல் வெயிலில் நன்றாகச் சுடும் என்று மொட்டை மாடியில் போட்டு வடகம் காயவைக்கிறாள். எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் போட்டிருப்பதாகச் சொல்கிறாள். போன வாரம் ஒரு வடகத்தைத் திருப்பிப் பார்த்தேன், அப்படித் தெரியவில்லை.

போகிறவர்கள் காலை பதினொரு மணிக்குள் போங்கள், மதியத்துக்குமேல் மணல் அடிப்பார், பேச முடியாது. யார் பெயரெல்லாம் கல்லில் வரணுமோ அவர்களைக் கையோடு கூட்டிப் போங்கள், மற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். சாக்பீஸ் அவரே தருவார். கையெழுத்துப் போடுகிற பேனா மட்டும் அவரிடம் இருக்காது, ஒன்று எடுத்துப் போங்கள்.